எனக்கு முன்னால் புறப்பட்ட பை

உலகத்தைச் சுற்றிவிட்டு வந்தவள் என்று கொச்சி மட்டாஞ்சேரியில் இப்போது எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. காய்கறிக் கடையில் நின்றால்கூட, "டீச்சரே, பெருவில வெண்டைக்காய் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். நான் பார்க்கவில்லை என்று சொன்னால் அவர்களுக்கு ஒரு திருப்தி. அந்தப் பயணத்தில் பாதி நாள் நான் ஊர் பார்த்ததைவிட, வீட்டில் இருந்த என் கணவரின் உடம்பை நினைத்துப் பயந்ததுதான் அதிகம் என்பது யாருக்கும் தெரியாது. எல்லாம் நல்லபடியாக முடிந்ததால் இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்றைக்கு என் வாயில் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்தவள் நான். கண்டங்களைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். பார்த்த கடல் என்னவோ ஒன்றே ஒன்று, அதுவும் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில். ஓய்வு பெற்றதும் உலகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவது என்று முடிவு செய்து அவரையும் கூப்பிட்டேன். அவர் கொச்சங்காடியில் ஒரு கூட்டாளியோடு சுக்கு, மிளகு குடோன் வைத்திருந்தவர். அவருடைய சரக்கு போகாத துறைமுகம் இல்லை. அவர் மட்டும் எங்கேயும் போனதில்லை. எர்ணாகுளத்துக்குப் போட்டில் போவார். நல்லது கெட்டது என்றால் ஆலுவா வரை போவார். ஆலுவா தாண்டினால் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்பது அவர் கட்சி. பாலக்காட்டில் எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இருக்கிறார்கள். அங்கே கல்யாணம் என்றால் மாப்பிள்ளை தாலி கட்டிய கையோடு இவர் ரயில் ஏறிவிடுவார்.

"நீ போயிட்டு வா. நான் வீட்டப் பாத்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. முகத்தில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை குடோன் கதவு மாதிரி இருந்தது. சம்மதித்தாரா, சகித்துக்கொண்டாரா என்று எனக்குப் புரியவில்லை. கேட்டால், "ஒண்ணும் இல்ல கேட்டியா" என்று எழுந்து போய்விடுவார். அதற்கு ஓரிரு வருஷம் முன்னால் அவருக்கு நெஞ்சில் ஒரு பிடிப்பு வந்து, டாக்டர் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கவனமாக இருங்கள் என்று சொல்லியிருந்தார். அந்த 'ஆனால்' என் மண்டையிலேயே உட்கார்ந்திருந்தது.

அவர் வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். பரஸ்தானம் வைக்க வேண்டும் என்றார். விமானம் கிளம்புகிற நேரம் சரியான ராகு காலம். விமானக் கம்பெனிக்காரர்கள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. அதற்கு எங்கள் வீடுகளில் ஒரு வழி உண்டு. அதற்கு முன் வருகிற நல்ல நேரத்தில் ஒரு பையை எடுத்துக்கொண்டு போய் வேறொருவர் இடத்தில் வைத்துவிடுவது. அப்போதே பயணம் புறப்பட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை, போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டால் போதும். இரண்டு நாள் முன்னதாக அவரே ஒரு நீலப் பையைக் கட்டினார். ஸ்வெட்டர், எலுமிச்சங்காய் ஊறுகாய், மோர் மிளகாய், காபிப் பொடி. கொச்சங்காடியில் தன் பழைய கூட்டாளியின் குடோனில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

கிளம்பும் நாளில் வழியனுப்ப அவர் வாசலுக்கு மேல் வரவில்லை. டாக்ஸிக்காரரிடம் கொச்சங்காடி வழியாகப் போகச் சொல்லியிருந்தது. அந்தத் தெருவில் ஒரு லாரி குறுக்கே நின்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்ததால் டிரைவர் வேறு சந்தில் வண்டியைத் திருப்பிவிட்டார். நான் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கைப்பையைத் தடவிக்கொண்டே இருந்தேன். எத்தனை தடவை தடவினாலும் அது அங்கேயேதான் இருந்தது. நீலப் பை ஞாபகம் வந்தது விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போதுதான். போன் செய்தேன்.

"பையை எடுத்தியா?" என்றார், நான் வாயைத் திறப்பதற்குள்.

"இல்லங்க. மறந்தே போச்சு."

"ம்" என்று வைத்துவிட்டார். எனக்கு ஒரு பக்கம் சங்கடம். உண்மையைச் சொன்னால் இன்னொரு பக்கம், ஊறுகாய் தூக்க வேண்டாம் என்று தோளுக்கு நிம்மதி.

தனியாகப் போவது எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் வாரம் திருடி மாதிரி இருந்தது. இஸ்தான்புல்லில் கடலைக் கடக்கும் போட்டில் ஏறி உட்கார்ந்தேன். நம் எர்ணாகுளம் போட்டில் வருகிற அதே டீசல் வாசம். ஒருவர் தட்டு நிறையச் சின்னக் கண்ணாடி கிளாஸ்களில் பால் இல்லாத சாயா கொண்டுவந்தார். வாங்கிக் குடித்தேன். யாருக்கு என்ன சமைக்க வேண்டும், யார் எப்போது வருவார்கள் என்ற நினைப்பில்லாமல் ஒரு சாயாவை முழுசாகக் குடித்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. அக்கரையில் எல்லோரும் இறங்கிய பிறகும் நான் இறங்கவில்லை. அதே போட்டில் திரும்பி வந்து இன்னொரு சாயா குடித்தேன்.

லிஸ்பனில் தங்கியது பெண்கள் விடுதியில், ஒரு அறைக்கு எட்டுக் கட்டில். எனக்குக் கிடைத்தது மேல் கட்டில். சேலையை விட்டு சுடிதாருக்கு மாறியதே அந்த ஏணிக்காகத்தான். மற்றவர்களெல்லாம் என் மாணவிகள் வயது. காலையில் ஒரு பெண் என்னிடம் மிகவும் மரியாதையாக, நான் குறட்டை விடுவதாகச் சொன்னாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்தான் குறட்டை விடுகிறார் என்று நான் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் போனில் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் முதல் சந்தேகம் வந்தது.

அவர் வீடியோ கால் பேசும் விதத்தை இங்கே சொல்ல வேண்டும். படம் தெரிகிற போனையும் காதில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். அதனால் பயணம் முழுக்க நான் பார்த்தது அவருடைய இடது காதைத்தான். அன்றைக்கும் காது வந்தது. அதற்குப் பின்னாலிருந்து ரயில் நிலைய அறிவிப்பு மலையாளத்தில் கேட்டது. ஆலுவா என்ற பெயர் தெளிவாகக் காதில் விழுந்தது.

"அங்க என்னங்க சத்தம்?"

"டிவி."

எங்கள் வீட்டு டிவியை அவர் தன் கையால் போட்டு நான் பார்த்ததில்லை. "சாப்பிட்டியா? சரி, வெச்சிடறேன்" என்றார். குறட்டை விஷயம் என் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அடுத்தடுத்த வாரங்களில் அவர் போன் எடுக்கிற நேரம் ஒழுங்கில்லாமல் போயிற்று. பெருவில் கூஸ்கோ என்ற ஊர், மலைமேல் மிகவும் உயரம். அங்கே நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். உயரம் போகப் போகக் காற்று லேசாகும் என்று வருஷா வருஷம் வகுப்பில் சொன்னவள்தான். அது நெஞ்சில் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. விடுதிக்காரப் பெண் ஏதோ இலை போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்த கஷாயத்தைக் குடித்துவிட்டு, படியில் உட்கார்ந்து என் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். உடனே அவருடைய நெஞ்சு ஞாபகம் வந்தது. அவர் போன் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு சேச்சிக்குப் போட்டேன். மலையாளி, எங்களோடு பேசிப் பேசி அரைத் தமிழ் வந்தவள். அவள் எனக்கு சேச்சி, நான் அவளுக்கு சேச்சி, என் கணவர் சேட்டன்.

"சேட்டன் இங்க இல்லல்லோ" என்றாள். "இப்போ அடிக்கடி போவாரு. கையில ரெண்டு துணி வெச்ச ஒரு பேக். ரெண்டு மூணு நாள் கழிஞ்சு வருவாரு. வந்தா ஆளு நல்லா க்ஷீணிச்சிருக்கும்."

"எங்க போறார்னு கேட்டியா?"

"கேட்டா சிரிக்கும். ஒண்ணும் சொல்லாது. நீங்க விஷமிக்கண்டா சேச்சி."

கவலைப்படாதே என்று ஒருவர் சொன்ன பிறகு யார்தான் கவலைப்படாமல் இருக்க முடியும்? ஆலுவா தாண்டி ஒரு ராத்திரி தங்காத மனிதர், களைத்துத் திரும்பி வருகிறார், எங்கே என்று சொல்லமாட்டேன் என்கிறார். நான் ஏறாத மலையெல்லாம் அன்றைக்கு என் மனசு ஏறியது.

மெக்சிகோவில் தெருவோரத்தில் மாங்காயைக் கீறி, மிளகாய்த் தூளும் உப்பும் எலுமிச்சையும் தூவித் தருகிறார்கள். நம் ஃபோர்ட் கொச்சி கடற்கரையில் விற்பது போலவே. முதல் துண்டைக் கடித்தபோது சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. அதை அவருக்குக் காட்டத்தான் கூப்பிட்டேன். காது வந்தது. பின்னால் ஒரு கண்டக்டர் சுத்தமான தமிழில், "காந்திபுரம், காந்திபுரம், உள்ள ஏறு" என்று கத்திக்கொண்டிருந்தார். கையிலிருந்த மாங்காய்த் துண்டு அப்படியே நின்றது. காந்திபுரம் என்றால் கோயம்புத்தூர். எங்கள் சனம் கோயம்புத்தூருக்கு இரண்டு காரியத்துக்குத்தான் போகும். பட்டு எடுக்க, இல்லையென்றால் பெரிய டாக்டரைப் பார்க்க. வீட்டில் கல்யாணம் எதுவும் இல்லை.

"உடம்புக்கு என்னங்க?" என்று கேட்டேவிட்டேன்.

"உடம்புக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. நீ ஊர் பாரு" என்று வைத்துவிட்டார். எனக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளிடம் மறைக்கிற அளவுக்கு என்ன வந்துவிட்டது? அழுகை அதற்கப்புறம்தான் வந்தது. என் பயணம் கெட்டுவிடக் கூடாது என்று மறைக்கிறார் என்று தோன்றியதும் கோபம் இரண்டு மடங்கு ஆயிற்று.

ஜப்பானில் ரயில் ஓடும்போது யாரும் போன் பேசுவதில்லை. ஒருநாள் கியோட்டோவிலிருந்து போகும்போது அவராகவே கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுவது அபூர்வம். பெட்டியே கோயில் மாதிரி அமைதியாக இருக்க, நான் வாயைக் கையால் மூடிக்கொண்டு, "என்னங்க, என்ன ஆச்சு?" என்று கிசுகிசுத்தேன். கடைசி ஊர் கோலாலம்பூரில் என்றைக்கு இறங்குகிறாய், எத்தனை மணிக்கு என்று கேட்டார். அதுவரை ஒரு தரம்கூட அவர் இப்படிக் கேட்டதில்லை. நாள் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள், நான் வருவதற்குள் முடித்துவிடப் பார்க்கிறார். எதிர் இருக்கைக் கிழவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பொட்டலம் பிரிக்காத ஒரு கைக்குட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். யாரென்றே தெரியாத அந்த மனிதரிடம் என் கதை முழுவதையும் தமிழிலேயே சொல்லிவிடலாம் போல இருந்தது.

அன்றே வியட்நாமையும் மலேசியாவையும் விட்டுவிட்டு டிக்கெட்டை மாற்றினேன். விமானத்தில் இடம் கிடைத்தது என்னவோ சில நாள் கழித்துத்தான். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் எதையாவது மூடி மறைப்பார், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். திட்டப்படி போய்க்கொண்டிருப்பதாகவே செய்தி அனுப்பினேன். "நாளைக்குக் கோலாலம்பூர்" என்று அனுப்பியபோது நான் உண்மையில் கொச்சி விமானத்துக்காகக் காத்திருந்தேன். பதிலுக்கு அவர் ஒரு கட்டைவிரலை அனுப்பினார்.

மறுநாள் மட்டாஞ்சேரியில் வீட்டு வாசலில் வந்து இறங்கினால் கதவில் பூட்டு. பக்கத்து வீட்டு சேச்சி வெளியே வந்து என்னைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "அய்யோ, சேச்சி எங்ஙனே இங்க? சேட்டன் நேத்தே போயல்லோ!" எங்கே என்று கேட்டால், தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார், சொல்லமாட்டேன் என்றாள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லு, போதும் என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் திருதிருவென்று விழித்தாள். அந்த நேரத்தில் என் போன் அடித்தது. அவர்தான். முதல் தடவையாகத் திரையில் முழு முகம் வந்தது. புதுச் சட்டை, நெற்றியில் திருநீறு.

"நீ எங்க நிக்கற? பிளேன் வந்து எல்லாரும் வெளிய வந்தாச்சு. உன்னைக் காணல்லியே!"

"நீங்க எங்க நிக்கறீங்க?"

"கோலாலம்பூர்ல. ஆளுங்க வெளிய வர்ற வழியில."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். "நான் வாசல்ல உக்காந்திருக்கேன்."

"எந்த வாசல்ல?"

"நம்ம வீட்டு வாசல்ல."

நான் கத்தினேன். உடம்புக்கு என்ன, எந்த டாக்டர், கோயம்புத்தூருக்கு எதற்குப் போனீர்கள் என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

"எந்த டாக்டரு? உனக்குக் கிறுக்கா?" என்றார். "பைய வெக்கப் போனேன்."

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. பரஸ்தானம் வைத்த பை, பயணம் போனவர் திரும்பி வருவதற்கு முன்னால் வீட்டுக்குள் வரக் கூடாது. ஒரே இடத்தில் ரொம்ப நாள் கிடக்கவும் கூடாது, கிடந்தால் போன ஆளுக்கு வழியில் தடங்கல் வரும். அவருடைய அப்பா சொல்லிவைத்தது. பின்னால் வர முடியாது, நிற்கவும் முடியாது என்றால் பை முன்னால் போவதைத் தவிர வேறென்ன செய்யும்? குடோனிலிருந்து பள்ளுருத்தியில் தன் தங்கை வீட்டுக்கு எடுத்துப் போனார். அங்கிருந்து ஆலுவாவில் ஒரு நண்பர் வீட்டுக்கு, பிறகு பாலக்காட்டுக்கு, பிறகு கோயம்புத்தூருக்கு, திருச்சிக்கு. ஒவ்வொரு தடவையும் பையை வைத்துவிட்டு வீட்டுக்கு வருவார், சில நாள் கழித்துப் போய் அடுத்த ஊருக்கு நகர்த்துவார். இப்படியே போனால் நீ பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருக்கும் என்று ஆலுவா நண்பர் கிண்டல் செய்தாராம். இவர் போய் எடுத்தே விட்டார். திருச்சியிலிருந்து பையோடு விமானம் ஏறி, என் கடைசி ஊரில் என் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று வந்து நிற்கிறார்.

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ சிரிப்ப."

சிரித்திருப்பேன், நிச்சயமாக. அதை நினைத்து நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "பை மட்டும் இல்ல கேட்டியா. நீ அனுப்பற போட்டோவுல எல்லாம் அப்படி ஒரு சிரிப்பு. இங்க நீ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. இனி திரும்பி வரமாட்டியோன்னு ஒரு பயம். சரி, அவ வரல்லன்னா நாம போய்ச் சேந்துக்கலாம்னு, கொஞ்சம் கொஞ்சமா பழகிக்கிட்டேன்."

மாதக் கணக்கில் நெஞ்சில் ஏற்றிவைத்திருந்த மூட்டை அந்தப் படியிலேயே இறங்கியது. அவருக்கு ஒன்றும் இல்லை. அவருக்கு ஒன்றுமே இல்லை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று சேச்சி பிறகு சொன்னாள். அவள் என்னை உள்ளே கூட்டிப்போய் சாயாவும் பழம்பொரியும் கொடுத்தாள். கூஸ்கோவிலிருந்து வராத பசி அன்றைக்கு வந்து, தட்டைக் காலி செய்தேன்.

அடுத்த பிளேனிலேயே வந்துவிடுகிறேன் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். நான் விடவில்லை. என் பெயரில் போட்டிருந்த அறை சும்மா கிடக்கிறது, போய்த் தங்கி ஊரைப் பாருங்கள் என்று அதட்டினேன். முனகிக்கொண்டே போனார். அங்கே தடுக்கி விழுந்தால் தமிழர்கள் மேல்தான் விழ வேண்டும் என்று மறுநாளே தைரியமாகப் பேசினார். தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டேன். அதைப் பற்றி அவருக்கு ஞாபகமே இல்லை.

அவர் திரும்பி வந்த அன்று விமான நிலையத்துக்கு நான் போனேன். உலகம் முழுக்க எத்தனையோ விமான நிலையங்களில் இறங்கினேன், எங்கேயும் எனக்காக ஒரு ஆள் வெளியே நின்றதில்லை. காத்திருப்பவர்கள் பக்கம் நான் நிற்பது அதுதான் முதல் தடவை. கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. தோளில் நீலப் பையோடு கூட்டத்தில் அவர் வந்தார். மூச்சு வாங்கவில்லை. நடை நன்றாக இருந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் மிடுக்காகவே இருந்தது. என்னைக் கண்டதும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, இளைத்துவிட்டாயே என்று சொல்லவில்லை. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார்.

"ஜன்னல் சீட்டு கெடச்சுது! கீழ எல்லாம் மழை. மேல போனா மேகத்துக்கு மேல பளபளன்னு வெயில் அடிக்குது. உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றேன். "சொல்லுங்க."